கரையும் வலை: மார்பகச் சீரமைப்பில் இம்ப்ளாண்ட்டைத் தாங்கும் தற்காலிகத் தூளி

மார்பகப் புற்றுக்காக அறுவை செய்யும்போது, பல பெண்களுக்கு இப்போது மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு உள்ளிருக்கும் சுரப்பித் திசுவை மட்டும் எடுக்கிறார்கள். சிலருக்கு முலைக்காம்பையும் காப்பாற்ற முடிகிறது. எடுத்து முடித்த பின் மிஞ்சுவது, மெல்லிய ஒரு தோல் பை. அதற்குள் சிலிக்கோன் இம்ப்ளாண்ட்டை (மார்புக்கு வடிவம் தரும் செயற்கைப் பையை) வைத்துத் தைத்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. 400 மி.லி. இம்ப்ளாண்ட் ஏறத்தாழ 400 கிராம் எடை இருக்கும். இயற்கையான மார்பகத்தைத் தோலோடும் நெஞ்சுச் சுவரோடும் கட்டிவைத்திருந்த நார்கள் சுரப்பியோடு சேர்ந்து போய்விட்டன. உள்ளே வைத்த பொருளைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. எழுந்து நடமாடும் நேரமெல்லாம் எடை கீழே இழுக்கும், அடிப்பக்கத் தோல் மெலியும், இம்ப்ளாண்ட் மார்பின் அடிமடிப்பைத் தாண்டி இறங்கும், அல்லது அக்குள் பக்கம் நழுவும்.

இதைத் தடுக்க உள்ளே ஒரு வலையைத் தைக்கிறார்கள். குடலிறக்க அறுவையில் வயிற்றுச் சுவருக்கு வைக்கும் வலையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இதுவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் இங்கே பேசப்போகும் வகை நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில வாரங்களிலோ சில ஆண்டுகளிலோ உடலே அதைக் கரைத்துவிடும். கரைந்து போகிற ஒன்று எப்படித் தாங்கும் என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய இடம்.

வலை போகும் இடம்

நெஞ்சில் விசிறி போல விரிந்திருக்கும் பெரிய மார்புத் தசைக்குப் பெயர் பெக்டோராலிஸ் மேஜர். இம்ப்ளாண்ட்டை இந்தத் தசைக்குக் கீழேயும் வைக்கலாம், மேலேயும் வைக்கலாம்.

கீழே வைப்பது பழைய முறை. தசை இம்ப்ளாண்ட்டின் மேல்பாதியை நன்றாக மூடும். ஆனால் அடிப்பாகத்தையும் வெளிப்பக்கத்தையும் அது எட்டாது. அதனால் தசையின் கீழ்விளிம்பை எலும்பிலிருந்து விடுவித்து, அந்த விளிம்புக்கும் மார்பின் அடிமடிப்புக்கும் நடுவே வலையைத் தைப்பார்கள். விட்டத்தில் சேலையைக் கட்டிக் குழந்தைக்குத் தூளி போடுவோமே, அந்த அமைப்புதான். ஒரு முனை தசையில், மறுமுனை அடிமடிப்பில், நடுவில் இம்ப்ளாண்ட். இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. கையை அழுத்தி எதையாவது தள்ளும்போது தசை சுருங்கி, மார்பும் கூடவே துள்ளும் அல்லது கோணும்.

மேலே வைப்பது அண்மை ஆண்டுகளில் பரவிய முறை. தசையைத் தொடுவதில்லை என்பதால் வலி குறைவு, துள்ளலும் இல்லை. ஆனால் தசையின் மறைப்பு போய்விடுவதால் இம்ப்ளாண்ட்டுக்கும் தோலுக்கும் இடையே வலை ஒன்றுதான் கூடுதல் அடுக்கு. முன்பக்கம் முழுவதையும் மூட வேண்டும் என்பதால் பெரிய துண்டு தேவைப்படும். அடித்தூளிக்கு 10×15 செ.மீ. அளவே பெரும்பாலும் போதும். முன்பக்கத்தை மூட 20×30 செ.மீ. வரை போக வேண்டியிருக்கும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அடுக்கு அறுவைக்கு முன் எடுத்த படத்திலேயே 1 செ.மீ.க்கும் குறைவு என்றால் இந்த முறை வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. இம்ப்ளாண்ட்டின் மடிப்புகள் தோல் வழியே அலை அலையாகத் தெரியும்.

ஏன் கரைய வேண்டும்?

இந்தத் தூளி வேலைக்கு முதலில் புகழ்பெற்றது வலை அல்ல, தோல். இறந்தவர் தானமளித்த தோலிலிருந்தோ பன்றி, மாட்டுத் தோலிலிருந்தோ செல்களை எல்லாம் கழுவி நீக்கிவிட்டு, மிஞ்சும் கொலாஜன் (நார்ப்புரத) விரிப்பைப் பயன்படுத்துவார்கள். மருத்துவர்கள் இதை ஏ.டி.எம். என்பார்கள் (பணம் எடுக்கும் ஏ.டி.எம். அல்ல). இம்ப்ளாண்ட்டைத் தாங்க இதை வைத்த முறை 2005இல் மருத்துவ இதழில் வெளியான பிறகு வேகமாகப் பரவியது. கையாள எளிது, மெத்தென்று இருக்கும். விலைதான் எட்டாது. அமெரிக்காவில் ஒரு விரிப்பே பல ஆயிரம் டாலர். நீர்கோர்ப்பும், காய்ச்சலோ கிருமியோ இல்லாமலே தோல் சிவந்துபோகும் ஒரு வினோத நிலையும் இதோடு சேர்த்தே பேசப்பட்டன. நெதர்லாந்தின் 8 மருத்துவமனைகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. பன்றித்தோல் விரிப்போடு ஒரே கட்டத்தில் இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்கு, விரிப்பில்லாமல் இரண்டு கட்டமாகச் செய்தவர்களைவிடச் சிக்கல்கள் தெளிவாகவே கூடுதலாக இருந்தன.

மறுபுறம் நிரந்தரச் செயற்கை வலைகள். மீன்பிடி வலை போன்ற பாலிப்ரொப்பிலீன் இழை, சிலவற்றில் டைட்டானியப் பூச்சு. மலிவு, உறுதி. ஆனால் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். 10 ஆண்டு கழித்து இம்ப்ளாண்ட்டை மாற்ற நேர்ந்தாலும், கதிர்வீச்சுக்குப் பின் தோல் மெலிந்தாலும், அந்த வலை எதிரே நிற்கும். கிருமி ஒட்டினால் திசுவோடு பின்னிப் பிணைந்த வலையைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கரையும் வலை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தது. தேவைப்படும் காலம் வரை தாங்கட்டும், பிறகு இடத்தைக் காலி செய்யட்டும் என்பது கணக்கு.

சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

கான்கிரீட் கூரை போடும்போது அடியில் பலகையும் முட்டும் கொடுத்துச் சென்ட்ரிங் அடிப்பார்கள். ஈரக் கான்கிரீட்டுக்குத் தன்னைத் தாங்கும் பலம் கிடையாது. இறுகிய பிறகு சென்ட்ரிங் தேவையில்லை. அவசரப்பட்டுப் பிரித்தால் கூரை தொய்யும். கரையும் வலையும் சென்ட்ரிங்தான். இறுக வேண்டிய கான்கிரீட் என்பது நம் உடல் அந்த வலைக்கண்களுக்குள் வளர்க்கும் தழும்புத் திசு.

தழும்பு மெதுவாகத்தான் பலம் பெறும். முதல் வாரத்தில் அழற்சிச் செல்கள் வந்து சேரும். அதன்பின் மென்மையான, அவசரத்துக்கு உருவாகும் கொலாஜன். வாரங்கள் போகப்போக அதைக் களைந்துவிட்டு உறுதியான கொலாஜனை உடல் நெய்யும். தோல் காயத்தை எடுத்துக்கொண்டால், 3 வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும். 3 மாதத்தில் ஏறத்தாழ 80%. அதற்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே, முதல் 3 மாதம் இம்ப்ளாண்ட்டின் எடையில் பெரும்பங்கை வலையே சுமக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். “இந்த வலை எத்தனை மாதத்தில் கரையும்?” என்பதைவிட “எத்தனை வாரம் பலத்தோடு இருக்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். இழை கண்ணுக்குத் தெரியும்படி உள்ளேயே இருக்கும், ஆனால் இழுத்தால் அறுந்துவிடும் நிலைக்கு வெகு முன்னரே போயிருக்கும். பொருள் மறையும் நாளுக்கும் பலம் போகும் நாளுக்கும் மாதக்கணக்கில், சில பொருட்களில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி உண்டு.

இழைகள் கரைவதற்குத் தண்ணீர்தான் காரணம். உடலின் ஈரம் இழைக்குள் ஊறி, நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டும். முதலில் சங்கிலி துண்டுபடும். அப்போதே பலம் போய்விடும். அந்தத் துண்டுகள் லாக்டிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளாகச் சிதைந்து, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறப் பின்னும் நாளாகும். ஓடி விளையாடும்போது நம் தசையில் உருவாகும் அதே லாக்டிக் அமிலம்தான் என்பதால் உடலுக்கு அது அந்நியமில்லை.

இனி வகைகளைப் பார்ப்போம். விக்ரில் என்ற பெயரில் தெரிந்த பாலிகிளாக்டின் 910 எல்லாவற்றிலும் வேகமானது. தானே கரையும் தையல் நூல் என்று பலருக்கும் போடப்படுவது இந்தப் பொருள்தான். 90 பங்கு கிளைகோலைடு, 10 பங்கு லாக்டைடு. பெயரிலுள்ள எண் அதைக் குறிக்கிறது. நூலாக இருக்கும்போது 2 வாரத்தில் 75%, 3 வாரத்தில் 50%, 4 வாரத்தில் 25% பலம்தான் மிஞ்சும். 56 முதல் 70 நாளில் முழுதாகக் கரையும். மேலே சொன்ன தழும்புக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வலை கைவிடும் நேரத்தில் தழும்பு இன்னும் பச்சைக் கான்கிரீட். விலை மிகவும் குறைவு என்பதால் இதைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்ட மருத்துவர்களும் உண்டு. தசையின் மறைப்பு இருந்து, இம்ப்ளாண்ட்டும் சிறியதாக இருந்தால் ஓரளவு ஒப்பேறும். பெரிய இம்ப்ளாண்ட்டைத் தசைக்கு மேலே வைத்து, இதை மட்டும் நம்புவது துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்வீடனின் உப்சாலா நகரில் உருவான டைகர் வலை வேறு வழியில் யோசித்தது. வேகமாகக் கரையும் இழையையும் மெதுவாகக் கரையும் இழையையும் ஒன்றாகப் பின்னிவிட்டார்கள். எடையில் ஏறத்தாழ 40% வேக இழை. இது 2 வாரத்தில் பலம் இழந்து 4 மாதத்தில் மறையும். மீதி 60% மெது இழை. இது 6 முதல் 9 மாதம் வரை பலம் தந்து, முழுதாக மறைய 3 ஆண்டு எடுத்துக்கொள்ளும். முதல் இரு வாரம் வலை விறைப்பாக நிற்கும். வேக இழை தளர்ந்ததும் மெல்ல நெகிழத் தொடங்கும். அந்த நெகிழ்வுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சுமையே படாத திசு பலம் பெறாது. முட்டுகளை ஒரே நாளில் உருவி எடுத்துவிடாமல் ஒவ்வொன்றாகத் தளர்த்துவது போல, சுமை சிறிது சிறிதாகப் புதுத் திசுவுக்குக் கைமாறுகிறது.

மூன்றாவது வகை, பி4எச்பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலி-4-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். இது ஆலையில் வேதிப்பொருள் கலந்து செய்வதல்ல. மரபணு மாற்றிய பாக்டீரியாவை நொதிக்கவிட்டு, அதன் உடலிலிருந்து பிரித்தெடுக்கும் பாலிமர். 12 வாரத்தில் ஏறத்தாழ 70% பலம் மிச்சமிருக்கும். முழுதாகக் கரைய 18 முதல் 24 மாதம். பலக் கடிகாரமும் தழும்புக் கடிகாரமும் இதில் நன்றாகவே ஒத்துப்போகின்றன. தயாரிப்பில் கனமைசின், டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் பயன்படுவதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதை வைக்கக் கூடாது. ஒவ்வாமையைப் பற்றிக் கேட்கும்போது, “எப்போதோ ஒரு மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்தது” என்ற பழைய செய்தியையும் சொல்லிவிடுவது நல்லது.

பாலிடயாக்ஸனோன் இழையால் பின்னிய வலைகளும் உள்ளன. பி.டி.எஸ். தையல் நூலின் பொருள் இது. தடித்த நூலில் 6 வாரத்தில் 60% அளவுக்குப் பலம் இருக்கும், 6 முதல் 8 மாதத்தில் கரைந்துவிடும். விக்ரிலுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் இதை வைக்கலாம்.

கண்ணும் இழையும்

பொருளைப் போலவே பின்னலும் முக்கியம். வலைக்கண் 75 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் விழுங்குசெல்களும் இரத்தக் குழாய்களும் தாராளமாக உள்ளே நுழையும். கண் மிகச் சிறிதாகவோ, பல நுண்ணிழைகளை முறுக்கிய நூலின் இடுக்காகவோ இருந்தால் ஏறக்குறைய 1 மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா உள்ளே புகுந்து பதுங்கும். 10 மைக்ரானைவிடப் பெரிய வெள்ளணுக்களால் அங்கே போய் அதைத் துரத்த முடியாது. திருடன் சந்தில் புகுந்துவிட்டான், போலீஸ் ஜீப் நுழைய முடியவில்லை என்ற கதை. ஒற்றை இழை வலைகளுக்கு இந்த விதத்தில் ஒரு சாதகம் உண்டு. பி4எச்பி ஒற்றை இழை. விக்ரிலும் டைகரும் பல்லிழை. ஆனாலும் கரைகிற இழையில் கிருமியின் மறைவிடமும் கூடவே கரைந்துவிடும் என்பதால், நிரந்தரப் பல்லிழை வலை அளவுக்கு ஆபத்தில்லை.

அறுவை அரங்கில்

வலை ஈரக்காற்று புகாத உறையில் வரும். ஈரம் பட்ட நிமிடத்திலிருந்து கரைதல் தொடங்கும் என்பதால் தேவைப்படும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். மிஞ்சியதை மறுபடி கிருமிநீக்கம் செய்து அடுத்தவருக்கு வைப்பது அறவே கூடாது. நீராவிச் சூட்டில் இழையின் பலம் அப்போதே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது தோலின் உயிர்ப்பு. சுரப்பியை எடுத்த பின் தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்திருக்கும். ஓரத்தில் வடியும் இரத்தத்தின் நிறத்தை வைத்துச் சொல்வார்கள். வசதியுள்ள இடங்களில் இண்டோசயனின் கிரீன் சாயத்தை இரத்த நாளத்தில் ஏற்றிக் கேமராவில் பார்ப்பார்கள். தோல் ஐயத்துக்கிடமாக இருந்தால் வலையும் இம்ப்ளாண்ட்டும் அன்று வேண்டாம் என்று நிறுத்துவதுதான் நல்ல மருத்துவரின் அடையாளம். அல்லது, பாதி காலியான திசு விரிப்பான் ஒன்றை வைத்துவிட்டு, தோல் தேறிய பின் சில வாரங்களில் உப்புநீர் ஏற்றிப் பெரிதாக்கி, 3 முதல் 6 மாதத்தில் நிரந்தர இம்ப்ளாண்ட்டாக மாற்றலாம்.

தோல் நன்றாக இருந்தால் பையைக் கிருமிநாசினியால் கழுவி, கையுறையை மாற்றிய பிறகே வலையைத் தொடுவார்கள். முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி, தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். வலையின் மூலைகளை வட்டமாக வெட்டி, அடிமடிப்பில் நெஞ்சுச் சுவரோடு 2-0 அல்லது 3-0 தடிமனுள்ள நூலால் இடைவெளி விட்டுத் தைப்பார்கள். வெளிப்பக்க எல்லையைத் தைக்க மறந்தால் இம்ப்ளாண்ட் அக்குளுக்குப் போகும். இம்ப்ளாண்ட்டை உள்ளே வைத்து, மேல்விளிம்பைத் தசையோடு மூடி, தேங்கும் நீரை வெளியேற்ற ஒன்றோ இரண்டோ டிரெயின் குழாய் போடுவார்கள்.

இழுவை அளவுதான் கைப்பக்குவம். இறுக்கித் தைத்தால் அடிப்பாகம் தட்டையாகி, வடிவமே வராது. தொளதொளவென்று விட்டால் இம்ப்ளாண்ட் உள்ளே புரளும். வலை மடிந்து சுருங்கினால் மடிப்புக்குள் நீர் தேங்கும், தோலுக்கடியில் கயிறு போல கைக்கும் தட்டுப்படும்.

எங்கே தவறும்?

முதல் எதிரி நீர். தோலுக்கும் வலைக்கும் இடையே நிணநீர் தேங்கினால் தோல் வலையோடு ஒட்டாது. ஒட்டாவிட்டால் இரத்தக் குழாய் வளராது, தழும்பும் வளராது. அதற்குள் வலையின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் டிரெயின் விஷயத்தில் அவசரம் ஆகாது. 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் எடுப்பது பரவலான வழக்கம். வீட்டில் நேரம் குறித்து அளந்து எழுதிவைப்பது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் முடிவு அந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

இரண்டாவது கிருமித்தொற்று, மூன்றாவது தோல் ஓரம் கருகுவது. இரண்டும் சேர்ந்து வந்தால் இம்ப்ளாண்ட்டை இழக்க நேரும். பிரிட்டனில் 81 மையங்களில் இம்ப்ளாண்ட் சீரமைப்பு செய்துகொண்ட 2100க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஐ-ப்ரா ஆய்வு 2019இல் வெளியானது. வலை வைத்தவர், வைக்காதவர் எல்லோரும் அதில் அடக்கம். 3 மாதத்துக்குள் 25% பேருக்குத் தொற்று, 18% பேருக்கு மறு அறுவை, 9% பேருக்கு இம்ப்ளாண்ட் இழப்பு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. “சின்ன ஆபரேஷன்தான், ரெண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று மட்டும் சொல்லி அனுப்புபவர்கள் இந்த எண்களையும் சொல்ல வேண்டும். இம்ப்ளாண்ட்டை எடுக்க நேர்ந்தால், திசு ஆறுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருந்தே மறுபடி முயல்வார்கள்.

புகைப்பவர்கள், உடல் எடைக் குறியீடு 30க்கு மேல் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்துகள் எல்லாமே கூடும். புகையை அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கதிர்வீச்சு தனிக் கதை. அது இம்ப்ளாண்ட்டைச் சுற்றி உடல் போடும் தழும்பு உறையை இறுக்கி, மார்பைக் கல் போலாக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதிலிருந்து வலை முழுதாகக் காப்பாற்றாது. கதிர்வீச்சு உறுதி என்று முன்பே தெரிந்தால், வயிற்றுத் திசுவைக் கொண்டு செய்யும் சீரமைப்பையும் சேர்த்தே பேசிப் பார்க்க வேண்டும்.

தாமதமாக வரும் குறை, தொய்வு. ஓராண்டு கழித்து இம்ப்ளாண்ட் அடிமடிப்புக்குக் கீழே இறங்கியிருக்கும், முலைக்காம்பு மேலே பார்க்கும். சென்ட்ரிங்கை முன்கூட்டியே பிரித்த கதை இது. வலை சீக்கிரம் பலம் இழந்திருக்கும், அல்லது நீர் தேங்கித் திசு ஒட்டாமல் போயிருக்கும், அல்லது தோல் தாங்கக்கூடியதைவிடப் பெரிய இம்ப்ளாண்ட்டைத் தேர்ந்திருப்பார்கள்.

ஒப்புதல் பற்றி ஒரு வார்த்தை

இந்த வலைகளில் பல, “பலவீனமான மென்திசுவுக்கு வலுச்சேர்க்க” என்ற பொதுவான நோக்கத்துக்கு அனுமதி பெற்றவை. மார்பகச் சீரமைப்புக்கென்று தனியாகச் சோதித்து ஒப்புதல் பெறுவது வேறு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல், எந்த ஏ.டி.எம். விரிப்புக்கும் மார்பகச் சீரமைப்புக்கான ஒப்புதல் தரப்படவில்லை என்று நினைவூட்டியது. 2023 நவம்பரில் பி4எச்பி வலைகள் பற்றியும், மார்பக அறுவையில் அவற்றின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்று மருத்துவர்களுக்கு அறிவித்தது. தடை என்று இதற்குப் பொருளல்ல. மருத்துவர் தம் பொறுப்பில், நோயாளிக்கு விளக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். அந்த விளக்கம் உங்களுக்குத் தரப்பட்டதா என்பதுதான் கேள்வி. எந்தப் பொருள், எத்தனை வாரம் பலம், தசைக்கு மேலா கீழா, தோல் சரியில்லாவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன, வலையின் விலை காப்பீட்டில் அடங்குமா என்ற ஐந்தையும் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

கம்பி வைக்காத, தாங்கலான உள்ளாடையைப் பெரும்பாலும் 6 வாரம் இரவும் பகலும் அணியச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குடமோ, கேஸ் சிலிண்டரோ, குழந்தையோ தூக்கக் கூடாது. கையை மருத்துவர் சொன்ன அளவுக்கு அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தோள் இறுகிவிடும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, திடீர் வீக்கம், தையலில் கசிவு, தோல் கருநீலமாவது ஆகிய எதற்கும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வலையின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டை இம்ப்ளாண்ட் அட்டையோடு சேர்த்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், சிலிக்கோன் இம்ப்ளாண்ட் கிழிந்துள்ளதா என்று 5 அல்லது 6 ஆண்டில் முதல் ஸ்கேனும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்க எஃப்.டி.ஏ. சொல்கிறது. அதற்கு முன்பே வேறு எதற்காகவாவது அல்ட்ராசவுண்ட் எடுக்க நேர்ந்தால் ஸ்கேன் செய்பவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். பாதி கரைந்த வலையின் மடிப்பு திரையில் கட்டி போலத் தெரிந்து, தேவையில்லாமல் ஊசி குத்திப் பார்க்கும்வரை போன பயங்கள் உண்டு.